முதல் வரிசையில் அம்மா, 31-ஆம் வரிசையில் நான்

பெர்த், மெல்பர்ன், சிட்னி. இந்த மூன்று ஊர்களில் ஒன்றிலாவது இன்று நம் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். படிக்கப் போன பிள்ளை வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு கல்யாணம், அதற்குப் பிறகு பேறுகாலம். பேறுகாலம் என்றால் அம்மா போயாக வேண்டும். கெடாவிலோ பேராக்கிலோ இருக்கிற அம்மா, வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, எட்டு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து, கடல் தாண்டிப் போய்ப் பத்தியச் சாப்பாடு சமைக்க வேண்டும்.

அப்படி ஏறும் விமானத்தில் முன்பக்கம் சில அகலமான நாற்காலிகள் இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் நமக்கு முன்பே ஏறி, கையில் ஒரு குவளையோடு இருப்பார்கள். நாம் பையை இடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து பின்னால் போவோம். அவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை; நாமும் அவர்களைப் பார்க்காத மாதிரி பார்ப்போம். அந்த நாற்காலி நமக்கானது இல்லை என்ற முடிவை விலை என்ன என்று கேட்காமலே எடுத்துவிடுகிறோம். ஒரு முறையாவது கேட்டுப் பார்க்கலாமே என்று கணக்குப் போட்டதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நின்றே பழகிய கால்கள்

அம்மாவுக்கு 66 வயது. சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார். பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனவர். தோட்டம் கைமாறியதும் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் இருபது ஆண்டுகள் நின்றுகொண்டே வேலை செய்தார். இரண்டு கால்களிலும் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. இரவுப் பேருந்தில் கோலாலம்பூர் வந்து இறங்கினால், ஏறும்போது போட்ட சப்பாத்து இறங்கும்போது காலுக்குள் போகாது. கையில் தூக்கிக்கொண்டு வருவார்.

மெல்பர்னில் இருக்கும் தங்கச்சிக்கு ஜூலையில் குழந்தை பிறக்கும் என்று நாள் குறித்தார்கள். அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். “பறக்கலாம், ஆனால் எட்டு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே உட்காரக் கூடாது” என்றார் மருத்துவர். அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால், காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இருக்கிறது. விமானத்துக்கு மட்டுமல்ல, பேருந்து, ரயில், காடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அசையாமல் கிடப்பதுதான் காரணம் என்பதால், பிஸ்னஸ் வகுப்பில் அசையாமல் இருப்பவருக்கும் அது வரலாம். ஆகவே படுக்கை இருக்கை மருந்து கிடையாது. கால் வீங்கும் ஒருவருக்குக் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள இடம் கொடுக்கும், பக்கத்தில் இருப்பவரை எழுப்பாமல் எழுந்து நடக்க வழி விடும். அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்த அவ்வளவு தேவைப்பட்டது.

599 வெள்ளியும் 2,190 வெள்ளியும்

நான் விலை பார்த்த நாளில், முழுச் சேவை விமானங்களில் மெல்பர்னுக்கு ஒரு வழி பிஸ்னஸ் வகுப்பு 5,000 வெள்ளிக்கு மேல் போனது. அதை மூடிவிட்டேன். ஏர் ஏசியா எக்ஸ் விமானத்தில் ‘பிரீமியம் ஃபிளாட்பெட்’ என்ற படுக்கை இருக்கை 2,190 வெள்ளி. அதே விமானத்தில் சாதாச் சீட்டு 599.

முதல் பார்வைக்கு இது மூன்றரை மடங்கு. ஆனால் 599 என்பது வெறும் நாற்காலியின் விலை. பேறுகாலம் பார்க்கப் போகும் அம்மா வெறுங்கையோடு போவாரா? படுக்கை இருக்கையின் விலையில் 40 கிலோ பெட்டி, இருக்கைத் தேர்வு, ஒரு வேளைச் சாப்பாடு, போர்வை, தலையணை, முன்னுரிமை வரிசை எல்லாம் அடங்கிவிடுகின்றன. சாதாச் சீட்டில் அதே 40 கிலோவையும், கால் நீட்ட வசதியான இருக்கையையும், சாப்பாட்டையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். 1,050 வெள்ளி வந்தது. ஆக, உண்மையான வித்தியாசம் 1,140 வெள்ளி. எட்டு மணி நேரப் பயணத்துக்கு மணிக்கு 140 வெள்ளி சொச்சம்.

அது சின்னத் தொகை இல்லை. அம்மாவிடம் சொன்னபோது முதலில் சிரித்தார்.

“ஏம்பா, படுக்கிறதுக்கு ரெண்டாயிரம் வெள்ளியா? வீட்டுல சும்மாதானே படுக்கிறேன்.”

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நீயும் அங்கதானே உட்காருவ?” என்றார்.

அங்கேதான் கணக்கு இடித்தது. இரண்டு படுக்கைகள் வாங்க என்னால் முடியாது. வாங்கியிருந்தாலும் என் காலுக்கு அது தேவையில்லை. அம்மாவுக்கு முதல் வரிசையில் ஒரு சீட்டு, எனக்குப் பின்னால் 31-ஆம் வரிசையில் ஒரு சீட்டு என்று எடுத்தேன். இரண்டு வகுப்பும் ஒரே பதிவில் வராததால் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இப்படிச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். விமான நேரம் மாறினால் இரண்டு பதிவுகளுக்கும் தனித்தனியாகத்தான் அறிவிப்பு வரும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறாது.

மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள்?

விமானத்தில் பிஸ்னஸ் வகுப்பு என்ற ஒன்று பிறந்ததே விலைக் கழிவுச் சீட்டால்தான். 1970-களில் தள்ளுபடிச் சீட்டுகள் பெருகின. முழு விலை கொடுத்துப் போகும் வியாபாரப் பயணிகள், பாதி விலை கொடுத்தவரின் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தார்கள். அவர்களுக்காக முதல் வகுப்புக்கும் சாதா வகுப்புக்கும் நடுவில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. 1978, 1979 ஆண்டுகளில் பான் ஆம், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ் என்று ஒவ்வொன்றாக அதற்குத் தனிப் பெயரும் வந்தது. அப்போதும் அது சற்று அகலமான நாற்காலிதான். பிஸ்னஸ் வகுப்பு இருக்கையை முழுத் தட்டையான படுக்கையாக மாற்றியது 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ். தள்ளுபடிக்காரரிடமிருந்து தப்பிக்க எழுந்த திரைக்குள் இன்று தள்ளுபடிச் சீட்டே நுழைந்துவிட்டது.

இதன் கணக்கு எளிது. ஏர் ஏசியா எக்ஸின் ஏர்பஸ் ஏ330-300 விமானத்தில் 377 இருக்கைகள். அதில் படுக்கை இருக்கைகள் 12 மட்டுமே. இரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு. பின்னால் சாதா வகுப்பில் மூன்று மூன்றாக வரிசைக்கு ஒன்பது பேர். இதே வகை விமானத்தில் முழுச் சேவை நிறுவனங்கள் வழக்கமாக வரிசைக்கு எட்டுப் பேரைத்தான் உட்கார வைக்கும். மொத்த இருக்கைகளும் 300-க்குள் அடங்கிவிடும். ஒரு படுக்கை வரிசைக்கு 60 அங்குல இடம் வேண்டும். சாதா வரிசைக்கு அதில் பாதி போதும். அந்த 12 படுக்கைகள் இருக்கும் இடத்தில் சுமார் 36 சாதா நாற்காலிகள் போடலாம். ஒரு படுக்கைக்கு மூன்று நாற்காலி. 599-ஐ மூன்றால் பெருக்கி, சாப்பாட்டையும் பெட்டியையும் சேர்த்தால் 2,190-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. யாரும் நமக்குத் தானம் செய்யவில்லை. எடுத்துக்கொள்ளும் இடத்துக்குத்தான் காசு.

மிச்சம் பிடிப்பது மற்ற இடங்களில். பெரிய நிறுவனங்களின் பிஸ்னஸ் வகுப்பு விலையில் ஓய்வறை, கேட்டபோதெல்லாம் சாப்பாடு, பெரிய திரை, தேதி மாற்றும் சுதந்திரம், ஒரு விமானம் ரத்தானால் கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் ஏற்றிவிடும் ஏற்பாடு என்று பலவும் அடங்கும். மலிவு விலைப் படுக்கையில் இவற்றில் பெரும்பாலானவை கிடையாது.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஜப்பான் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான சிப்ஏர் பழக்கமாக இருக்கும். 2021 முதல் சிங்கப்பூருக்கும் தோக்கியோ நரித்தாவுக்கும் இடையே பறக்கிறது. அதன் போயிங் 787-8 விமானத்தில் 290 இருக்கைகள். அவற்றில் 18 முழுத் தட்டையான படுக்கைகள். அங்கே சாப்பாடும் போர்வையும்கூட தனிக் காசு. படுக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை வீட்டிலிருந்து கொண்டுபோகலாம். சிங்கப்பூரின் ஸ்கூட் விமானத்தில் இருக்கும் ‘ஸ்கூட்பிளஸ்’ வேறு வகை. அகலமான, சாய்கிற நாற்காலி, படுக்கை இல்லை. பெயரில் ‘பிரீமியம்’, ‘பிளஸ்’ என்று இருந்தால் போதாது. எவ்வளவு சாய்கிறது என்று பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் விழுந்தவர்கள் நிறைய. ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு மலிவாகப் பறந்த ஒயாசிஸ் 2006-இல் தொடங்கி 2008 ஏப்ரலில் மூடப்பட்டது. பிஸ்னஸ் வகுப்பு மட்டுமே வைத்து அட்லாண்டிக் கடலைத் தாண்டிய மேக்ஸ்ஜெட், ஈயோஸ், சில்வர்ஜெட் மூன்றும் 2007 டிசம்பருக்கும் 2008 மே மாதத்துக்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஏர் ஏசியா எக்ஸ் நிறுவனமே 2009-இல் லண்டனுக்குப் பறக்கத் தொடங்கி, எரிபொருள் விலையும் ஐரோப்பிய வரிகளும் கட்டுப்படியாகாமல் 2012-இல் அந்த வழியை நிறுத்தியது. 

திரைக்கு இந்தப் பக்கம்

கே.எல். சென்ட்ரலிலிருந்து விரைவு ரயிலில் இரண்டாவது முனையத்துக்கு 33 நிமிடம். அதற்குப் பிறகுதான் நடை. 2014-இல் திறந்த அந்த முனையத்தில் கடைகளைத் தாண்டி, உயரப் பாலத்தைத் தாண்டி, கதவு வரைக்கும் நடப்பது முதியவர்களுக்கு ஒரு பயணமே. சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அம்மா அதில் உட்கார மறுத்து, தன் கைப்பையை மட்டும் உட்கார வைத்துப் பக்கத்தில் நடந்தார். பாதி வழியில் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

பெட்டி கொடுக்கும் இடத்தில் முன்னுரிமை வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருவர்தான். பக்கத்து வரிசை வளைந்து வளைந்து போனது. அம்மா அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “நம்ம வரிசை அதுவா இருக்கும்பா, நல்லாக் கேளு” என்றார். பெட்டி 38 கிலோ. சாதாச் சீட்டாக இருந்திருந்தால் அங்கேயே திறந்து போட்டுச் சண்டை பிடித்திருப்போம்.

விமானத்தில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டதும் பணிப்பெண் விட்டார். சிவப்பு விளக்கு, கறுப்புத் தோல் இருக்கை, இரண்டு பேருக்கு நடுவில் அகலமான கைப்பிடி. இருக்கையின் பக்கத்தில் பித்தான்கள். நாங்கள் போன விமானத்தில் முன்னால் திரை இல்லை. மின்சாரம் செருகும் இடம் உண்டு. பித்தானை அழுத்தினால் நாற்காலி முன்னால் நகர்ந்து, முதுகு தாழ்ந்து, கால் வைக்கும் பலகை எழும்பி ஒரே நீளமாகிறது. காலடி சற்றே சரிவாக இருக்கும். முழுக்கத் தரைமட்டமான படுக்கை என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. ஆனால் நீளம் ஆறடிக்கும் மேல். அம்மா ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. காலுக்குக் கீழே இன்னொரு ஆள் படுக்கலாம்.

பக்கத்தில் ஒரு சீனப் பையன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். “ஆன்ட்டி, இது படுக்க, இது எழுந்திருக்க” என்று மலாயில் பித்தானைக் காட்டினான். நான் பின்னால் நடந்தேன்.

படுக்கைகளுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லாத அமைதிப் பகுதி. அதைத் தாண்டி நீண்ட சாதா வகுப்பு. அதில் என் வரிசை. இரு பக்கமும் நல்ல மனிதர்கள்தான், ஆனால் மூன்று பேருக்கும் சேர்த்து முழங்கை வைக்க இடமில்லை. நான் என் தலையணையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். முன்னால் திரை மூடியது.

அந்தத் திரை எவ்வளவு மெல்லிய துணி என்று அன்றுதான் கவனித்தேன். மூன்று மணி நேரம் கழித்து, அம்மா தண்ணீர் கேட்டாரா, காலுறை இறுக்குகிறதா, கழிவறைக் கதவைத் திறக்கத் தெரிந்ததா என்று மனது கேட்டுக்கொண்டே இருந்ததால் எழுந்து முன்னால் போனேன். பின் வகுப்புப் பயணிகள் திரையைத் தாண்டக் கூடாது. நின்ற இடத்தில் பணிப்பெண்ணிடம் கேட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “ஆன்ட்டி டா தீடோர்” என்றார். ஆன்ட்டி தூங்கிவிட்டார்.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். இருட்டில் 300-க்கும் மேற்பட்டவர்கள் தலையைச் சாய்க்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பாட்டிமார். ஒருவர் நடைவழியில் நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலாகத் தூக்கிக்கொண்டிருந்தார். என் அம்மா படுத்திருக்கிறார் என்ற நிம்மதியோடு அந்தப் பாட்டியைப் பார்ப்பது சுலபமாக இல்லை.

ஏழு பாகையில் ஒரு காலை

ஜூலையில் மெல்பர்ன் நேரம் நம்மைவிட இரண்டு மணி நேரம் முன்னால். விடியும்போது இறங்கினோம், வெளியே ஏழு பாகைக் குளிர். அம்மா எனக்காக விமானக் கதவைத் தாண்டிக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு காலிலும் சப்பாத்து இருந்தது. கணுக்கால் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, ஆனால் சப்பாத்து ஏறியிருந்தது.

ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோகும் உணவுப் பொருள் எதுவானாலும் வருகை அட்டையில் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அங்கேயே அபராதம். பச்சை மஞ்சள், பூண்டு, கருவேப்பிலை எதையும் எடுக்கவில்லை. வறுத்து அரைத்த மசாலைத்தூள், பிரசவ மருந்துப் பொடி எல்லாவற்றையும் ஒரே பையில் மேலாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தோம். அதிகாரி திறந்தார், முகர்ந்தார், தும்மினார், மூடிக் கொடுத்தார்.

தங்கச்சி வீடு டாண்டினோங் பக்கம். அங்கே ஃபாஸ்டர் தெருவில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பச்சை மஞ்சளும் கருவேப்பிலையும் அங்கேயே கிடைத்தன. அரை மணி நேரத் தொலைவில் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு ஆலயம். வந்த நான்காம் நாள் பேத்தி பிறந்தாள்.

நான் ஊர் திரும்புவதற்கு முதல் நாள், சமையலறையில் வெந்நீர் வைத்துக்கொண்டே அம்மா சொன்னார்: “முன்னால உட்கார்ந்தப்போ பயமா இருந்துச்சுப்பா. யாராச்சும் வந்து, ஆன்ட்டி, உங்க இடம் இது இல்லைன்னு சொல்லிடுவாங்களோன்னு. சீட்டைக் கையிலயே வச்சிருந்தேன். தூங்குற வரைக்கும் வச்சிருந்தேன். யாரும் ஒண்ணும் கேக்கல.”

நேயர்கள் கேட்டவை

இந்தப் பயணத்தைப் பற்றி வானொலி நிகழ்ச்சியில் சொன்ன பிறகு நேயர்கள் நிறையக் கேட்டார்கள். அடிக்கடி வந்த கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எப்போது வாங்கலாம்? இரவுப் பயணத்துக்கு வாங்குங்கள். பகலில் படுக்கை பெரும்பாலும் வீண். மலிவு விலை நிறுவனங்கள் ஒரு வழிக்குத் தனித்தனியாக விலை சொல்வதால், போகும்போது படுக்கை, வரும்போது நாற்காலி என்று கலந்து எடுக்கலாம்.

யாருக்கு வாங்கலாம்? குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே வகுப்பு என்ற பிடிவாதம் வேண்டாம். காலோ முதுகோ படுத்தும் ஒருவருக்கு மட்டும் வாங்கினாலும் அது வாங்கியதுதான். ஆனால் அவர் தனியாக உட்காரத் தயாரா என்று முதலில் கேளுங்கள். இரத்த உறைவு, அண்மையில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் என்று எது இருந்தாலும் மருத்துவரைப் பார்த்த பிறகே சீட்டு எடுங்கள்.

எந்த விமான நிலையம்? ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஏர் ஏசியா எக்ஸ் 2018 இறுதியில் மெல்பர்னில் துல்லாமரினை விட்டு அவலோனுக்கு மாறியது. 2022-இல் திரும்பி வந்தது. அவலோன் நகரிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல். மிச்சம் பிடித்த காசு டாக்சியில் போய்விடக் கூடாது.

தனித்தனிச் சீட்டுகளை இணைக்கலாமா? வேறு ஊரிலிருந்து புறப்பட்டால் படுக்கை மலிவு என்று பலர் முதலில் ஒரு சின்ன விமானம் எடுத்துப் போகிறார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், தனிச்சீட்டாக இருந்தால் யாரும் பொறுப்பில்லை. நடுவில் ஓர் இரவு தங்க முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள். அந்த ஓட்டல் செலவையும் கணக்கில் சேருங்கள்.

புள்ளிகளால் போகலாமா? போகலாம். மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிறிஸ்ஃபிளையர் இரண்டிலும் புள்ளிகளைக் கொடுத்துப் பிஸ்னஸ் வகுப்பு எடுக்க முடியும். கிறிஸ்ஃபிளையர் மாதாமாதம் சில வழித்தடங்களுக்குப் புள்ளிக் கழிவும் அறிவிக்கிறது. மலேசியா ஏர்லைன்ஸில் சாதாச் சீட்டு வாங்கிய பிறகு, மேல் வகுப்புக்கு ஏலம் கேட்கும் வசதியும் உண்டு. கிடைத்தால்தான் பணம் பிடிப்பார்கள். ஆனால் கிடைக்குமா என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். உடம்புக்கு அவசியம் என்றால் ஏலத்தை நம்பாதீர்கள்.

கடன் அட்டையில் வாங்கலாமா? வாங்குங்கள், மாதக் கடைசியில் முழுதாகக் கட்ட முடிந்தால். மலேசியாவில் கட்டாமல் விட்ட தொகைக்கு ஆண்டு வட்டி 15 முதல் 18 விழுக்காடு. எட்டு மணி நேரம் படுத்துப் போனதற்கு எட்டு மாதம் தூக்கம் கெடக் கூடாது. நிறுவனங்கள் திடீரென மூடிவிடும் தொழில் இது என்பதால் பயணக் காப்புறுதியும் எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனம் நொடித்தால் அது ஈடு கொடுக்குமா என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

விலைகள் நாளுக்கு நாள் மாறும். நான் சொன்ன வெள்ளிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பெட்டி, சாப்பாடு, இருக்கை எல்லாம் சேர்த்த விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் சீட்டு

மலேசியர்களுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு முறைக்கு மூன்று மாதம் வரை தங்கச் சுற்றுலா அனுமதி கிடைக்கிறது. அம்மா ஏறக்குறைய முழு மூன்று மாதமும் தங்கினார். திரும்பும் தேதி நெருங்கியதும் படுக்கைச் சீட்டின் விலையைப் பார்த்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்தேன்.

“பகல் விமானமா?” என்றார்.

பகல்தான் என்றேன்.

“பகல்ல எதுக்குப் படுக்கை? ஓரத்துச் சீட்டு எடு, நடந்துக்கிறேன். போகும்போது 38 கிலோ, வரும்போது என்ன இருக்கு? ரெண்டு சேலைதான்.” கொஞ்சம் நிறுத்தி, “மிச்சம் எவ்வளவு வரும்?” என்று கேட்டார்.

பெட்டி குறைவு என்பதால் மிச்சம் போகும்போது இருந்ததைவிட அதிகம் என்றேன். அதைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார். நடைவழி ஓர இருக்கையில், மணிக்கு ஒரு முறை எழுந்து விமானத்தின் வால்வரை நடந்து, காலுறையோடு வந்து இறங்கினார். மறுவாரம் சுங்கைப் பட்டாணியில் நகைக்கடைக்குப் போய்ப் பேத்திக்கு ஒரு சோடித் தோடு வாங்கினார். அடுத்த ஆண்டு காது குத்துக்கு வரும்போது போடுவதற்கு. தங்கச்சியும் மாப்பிள்ளையும் குழந்தையும் இரவு விமானத்தில் வரப்போகிறார்கள். அதில் எந்தச் சீட்டு யாருக்கு என்று அவர்கள் வீட்டில் இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.